தவசிமணியின் அறுபது வருஷக் கோடுகள்

மழை பொய்க்கவும் செய்யாத, பெய்து கெடுக்கவும் செய்யாத ஒரு சாதாரண வருஷத்தில், தீபாவளிச் சரக்கெல்லாம் லாரி ஏறிப் போன பிறகு சிவகாசி சற்றே மூச்சு விட்டுக்கொண்டிருந்த கார்த்திகை மாதத்தில், ரயிலடிக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு பழைய அச்சாபீஸ் குடோனுக்கு வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, ஆர்ட்டிஸ்ட் தவசிமணி தன் வாழ்நாளில் வரைந்ததையெல்லாம் சுவர் சுவராக மாட்டி வைத்தார்கள். எல்லாம் என்றால் எல்லாமும்தான்: தீப்பெட்டி லேபிள், பட்டாசு டப்பா, ஊதுபத்தி உறை, சீயக்காய்ப் பொட்டலம், ஜவுளிக்கடைப் பை, வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு தொங்கிய சாமி கேலண்டர், அவர் வளைத்துக் கொடுத்த வளைவிலேயே இன்றைக்கும் பஸ்களின் நெற்றியில் ஊர்ப்பெயர் தாங்கி ஓடும் அந்த எழுத்து. லட்சுமிக்கு ரோஸ் சேலை கட்டிவிட்டவர் இவர்தான் என்று வெளியூர் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். 'தவசிமணி: அறுபது வருஷக் கோடுகள்' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தது. எண்பத்திரண்டு வயதுத் தவசிமணி அந்தப் பேனருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

அதே ஊரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மாவு மில்லில், அன்னக்கனி முப்பத்தைந்து வருஷமாக மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். காலையில் அரிசியும் கேப்பையும் அரைத்து வெள்ளையாகவும், மத்தியானம் வத்தல் அரைத்துச் சிவப்பாகவும் அவள் முகம் இருக்கும். சொந்த நிறத்தில் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தால் அதிகம். அந்த வேலையை அவள் தேடிப்போய்ச் சேர்ந்ததே அதற்காகத்தான்.

கண்காட்சி நோட்டீஸை அவளிடம் கொண்டுவந்து காட்டியவள் செல்லத்தாய். மில்லில் நிறுவைக்கு நிற்பவள், தூரத்து உறவில் அத்தை மகள் முறை.

"மதினி, இங்க பாருங்க. இந்தத் தீப்பெட்டிப் பொம்பள அப்படியே உங்க சாடைல இருக்கா. அந்த இடது புருவம் மேல ஏறி நிக்குது பாருங்க, அச்சு அசல்."

அன்னக்கனி நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள். பாதி அரைத்த கேப்பை கல்லுக்குள் கிடக்க, அவள் அப்படி மெஷினை நிறுத்தி அதற்கு முன்னால் செல்லத்தாய் பார்த்ததே இல்லை.

"சாடை இல்ல செல்லத்தாயி," என்றாள். "அது நாந்தான்."

அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது கோமதி லித்தோ என்ற அச்சாபீஸில் லேபிள் வெட்டும் வேலைக்குப் போனாள். அப்பா வெள்ளைச்சாமி ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேன். அம்மா இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் தவசிமணி வந்து, "ஏம்மா, அந்தச் சன்னல் பக்கத்துல கொஞ்சம் நில்லு, ஒரு கேலண்டருக்கு," என்றார். நின்றாள். சாப்பிடாமல் ஒரு மணி நேரம் சந்தோஷமாக நின்றாள். அந்த வருஷக் கேலண்டரில் சரஸ்வதியாக வந்தாள். அப்பா அதை வாங்கிவந்து மாட்டி, சூடம் காட்டி, "சாமி, சோறு வச்சிட்டியா?" என்று மகளைப் பார்த்துக் கேட்டுச் சிரித்தார்.

ஒரு கேலண்டர் என்றுதான் தவசிமணி சொன்னார். ஆனால் அந்த முகத்தில் கோடு நன்றாக விழுந்துவிட்டது. நன்றாக விழுந்த கோட்டை எந்த ஆர்ட்டிஸ்டும் சும்மா விடுவதில்லை. சரஸ்வதி லட்சுமியானாள், லட்சுமி மயில்ராணித் தீப்பெட்டியானாள், மயில்ராணி பிள்ளைப் பவுடர் டப்பாவில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள், புஸ்வாணப் பெட்டியில் சிரித்தாள், ஊதுபத்தி உறையில் கும்பிட்டாள். கடைசியில் ஆண்மை லேகியத்துக்கு ஒரு போஸ்டர் கேட்டு ஒருவன் வந்தபோது, தலைமுடியை அவிழ்த்து, சேலையை நழுவவிட்டு, அவளுக்கு இல்லாத ஓர் உடம்பின்மேல் அவள் முகத்தை வைத்துக் கண்ணை மட்டும் பாதி மூடி வரைந்து கொடுத்தார் தவசிமணி. சிவகாசி பஸ் ஸ்டாண்டிலிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லாக் கழிப்பறைச் சுவரிலும் அவள் ஒட்டப்பட்டாள். அருப்புக்கோட்டை மாப்பிள்ளை கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கி ஒதுங்கப்போனான். வெளியே வந்தவன் ஊருக்குள் வராமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போனான். கல்யாணம் நின்றது.

அன்னக்கனி நேராக அச்சாபீஸுக்குப் போய், மெஷின்காரர்களும் லேபிள் வெட்டும் பிள்ளைகளும் பார்த்திருக்க, என் முகத்தை எதற்கு அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டாள். தவசிமணி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அது உன் முகம் இல்லம்மா. என் கோடு."

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு வேலையை விட்டாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனுஷனிடம் போய் நியாயம் கேட்கவில்லை, மகளுக்கு ஆறுதலும் சொல்லவில்லை, வாட்ச்மேன் உடுப்போடு வீட்டு வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடியே இருந்து ஆறு மாதத்தில் செத்துப்போனார். தவசிமணிமேல் இருந்த ஆத்திரத்தில் கால்வாசி அப்பாவின் மேலும் அவளுக்கு இருந்தது. இரண்டையும் நாற்பத்தைந்து வருஷம் ஆறவிடாமல் வைத்திருந்தாள்.

செல்லத்தாய் நோட்டீஸ் கொண்டுவந்த மறுநாள், அன்னக்கனி லீவு சொல்லிவிட்டு, சீயக்காய் போட்டுக் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு காலை பதினோரு மணிக்குக் கண்காட்சிக்குப் போனாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் அவளே இருந்தாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு சின்ன அட்டை. அதில் வருஷமும் கம்பெனியும் போட்டு, அதற்கும் கீழே 'மாதிரி: ஓவியரின் கற்பனை' என்று அச்சடித்திருந்தது. கடைசி மூலையில் லேகியப் போஸ்டர் இருந்தது. அதற்கும் கற்பனை என்றே போட்டிருந்தது.

அவள் தவசிமணியின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, என்னத் தெரியுதா?"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எத்தனையோ பேரு வாராக. பேரு சொல்லும்மா, போட்டுத் தாரேன்."

"கோமதி லித்தோ. கட்டிங் செக்‌ஷன். சன்னல் பக்கத்துல நிக்க வச்சீக."

கண்காட்சியை நடத்த மெட்ராஸிலிருந்து வந்திருந்த இளவேனில் என்ற பெண் கையிலிருந்த பேப்பரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். தவசிமணி இளவேனிலைப் பார்த்துச் சிரித்தார். "ஊருக்கு ஒருத்தி வருவாம்மா. அது நாந்தான்னு சொல்லுவா. நாம என்ன செய்ய முடியும்?" பிறகு அன்னக்கனியிடம், "அது கற்பனைம்மா. மனசுலருந்து வந்தது," என்றார். கையெழுத்துக்கு நின்றவர்கள் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

"சரி அண்ணாச்சி," என்றாள் அன்னக்கனி. "அப்ப என்னுத நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

மில்லில் வேலை முடிந்து துடைப்பதைப் போலவே முந்தானையை எடுத்து நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் ஒரே இழுப்பில் முகத்தைத் துடைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள். உள்ளே ஒரு பிள்ளை, "டீச்சர், சாமிக்கு மூஞ்சியக் காணோம்," என்று சொன்னது அவள் காதில் விழுந்தது.

அந்த முகம் குடோனில் மட்டும் போகவில்லை, எல்லா இடத்திலும் போயிருந்தது. பூஜை அறையில் போனது, பெட்டிக்கடைத் தீப்பெட்டியில் போனது, பரண்மேல் கிடந்த பழைய புஸ்வாணப் பெட்டியில் போனது. கிரீடம் இருந்தது, கூந்தல் இருந்தது, காதில் ஜிமிக்கி இருந்தது, மூக்குத்தி மட்டும் மூக்கு இல்லாமலே தன் இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது. முதல் நாள் பெண்கள் படத்தை மஞ்சள் துணி போட்டு மூடினார்கள். இரண்டாம் நாள் முகமில்லாத லட்சுமிக்கு விளக்கு ஏற்றலாமா கூடாதா என்று தெருவுக்குத் தெரு பேச்சு நடந்தது. காளியம்மன் கோயில் பூசாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "முகந்தான போச்சு, காது இருக்குல்ல? வேண்டுறது காதுலதான் விழும்." ஊர் சமாதானமாகி விளக்கை ஏற்றியது. மை வைத்து முகம் எழுதிப் பார்த்தவர்களுக்கு மை நிற்காமல் வழிந்தது. அச்சாபீஸ்காரர்கள் புதிதாக அடித்துப் பார்த்தார்கள். "நாலு கலரும் விழுது அண்ணாச்சி, அந்த இடத்துல மட்டும் காகிதம் வாங்க மாட்டேங்குது," என்றார் மெஷின்காரர். சரக்கை அப்படியே அனுப்பினார்கள். வடக்கே வாங்கியவர்கள், தீக்குச்சி பற்றுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டார்கள்.

ஏழாம் நாள் அந்த வெறுமையில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூத்தது. எட்டாம் நாள் அது மேடு பள்ளமாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் வாசல் தெளித்துவிட்டு விளக்கேற்றப் போனபோது, ஏறிய நெற்றி, தடித்த கண்ணாடி, கோடு மாதிரி மீசை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. தாமரையில் ரோஸ் சேலை கட்டி உட்கார்ந்திருந்தார் ஆர்ட்டிஸ்ட் தவசிமணி.

அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. புதுத்தெருவில் ஒரு அம்மாள், "நாப்பது வருஷமாக் கும்பிட்ட லட்சுமி. கண்ணாடி போட்டா என்ன, அவளுக்கு மட்டும் வயசாகாதா?" என்று சொல்லிப் பூ வைத்தாள். மீசை வைத்த சரஸ்வதியைக் கும்பிட்டுப் போன பிள்ளைகள் அரைப் பரீட்சையில் வழக்கம்போல் மார்க் வாங்கினார்கள். பவுடர் டப்பாவில் தவசிமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார், பிள்ளைக்கும் அது பிடித்துப்போனது மாதிரிதான் இருந்தது. ஊரால் சிரிக்காமல் இருக்க முடியாமல் போனது ஒரே இடத்தில்தான். முடியை அவிழ்த்துப் போட்டு, சேலை நழுவ, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தவசிமணி எல்லாக் கழிப்பறைச் சுவரிலும் நின்றார். லேகியக் கம்பெனி அந்த டிசைனை நாற்பத்தைந்து வருஷமாக மாற்றாமல் அடித்துக்கொண்டே இருந்ததால், பழைய போஸ்டரிலும் அவர் இருந்தார், பசை காயாத புதுப் போஸ்டரிலும் அவர் இருந்தார்.

மதுரையிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். இளவேனில் கண்காட்சியை இரண்டு வாரம் நீட்டித்தாள். தவசிமணி டீக்கடைக்குப் போனால் பேச்சு நிற்கும், அவர் போன பிறகு சிரிப்பு கிளம்பும். "லேகியம் போகுது" என்று ஒரு குரல் எங்கிருந்தோ வரும். பேத்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. "கொஞ்ச நாள் வெளிய போகாதீகப்பா," என்றான் மகன்.

அன்னக்கனிக்கு அந்த நாட்களில் நன்றாகப் பசித்தது. பழி வாங்குவதும் அல்வா மாதிரிதான், ஆறிப்போனாலும் ருசி குறைவதில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெட்டிக்கடையில் ஒரு மயில்ராணி தீப்பெட்டி வாங்குவாள். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, மயில்மேல் கண்ணாடியோடு வீற்றிருக்கும் தவசிமணியை ஆசை தீரப் பார்ப்பாள். பிறகு குச்சிகளை ஒவ்வொன்றாக உரசுவாள். பெட்டி காலியானதும் காலில் போட்டு நசுக்கிவிட்டு உலை வைக்கப் போவாள்.

மூன்றாவது வாரம் தவசிமணி மில்லுக்கே வந்தார். மத்தியானம், வத்தல் அரைக்கும் நேரம். தலையில் துண்டைப் போட்டிருந்தார்.

"மெஷினக் கொஞ்சம் நிறுத்தும்மா," என்றார் இருமிக்கொண்டே.

"பாதியில நிறுத்த முடியாது அண்ணாச்சி. சொல்லுங்க, காது கேக்குது."

நெடியில் அவர் கண் வழிந்தது. நெடியால்தானா என்பது அவருக்கே தெரியாது. "உன் முகந்தான். ஒத்துக்கிறேன்."

"எங்கிட்ட ஒத்துக்கிட்டு என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாத ஆளுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"எத்தன பேருகிட்டச் சொல்ல?"

"எத்தன பேரு சிரிச்சாகளோ அத்தன பேருகிட்ட. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலயும் நின்னு சொல்லுங்க."

மறுநாளிலிருந்து அவர் சொன்னார். நாற்காலியை எடுத்து ஓரமாகப் போடச் சொல்லிவிட்டு, காலை பத்து மணிக்கு முதல் கேலண்டருக்கு முன்னால் போய் நின்றார். வந்தவர்களைக் கூப்பிட்டு, இது அன்னக்கனி என்ற பிள்ளையின் முகம், வெள்ளைச்சாமி மகள், சாப்பிடாமல் ஒரு மணி நேரம் நின்றாள், ஒரு கேலண்டர் என்று சொல்லி ஏமாற்றினேன் என்றார். அடுத்த படத்துக்கு நகர்ந்து மறுபடியும் சொன்னார். இளவேனில் அட்டைகளை மாற்றி அடித்து ஒட்டினாள். முதல் நாள் ஜனங்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிப்புக் குறைந்தது. ஆறாம் நாள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். எட்டாம் நாள், கோமதி லித்தோவில் வேலைபார்த்த கிழவர் ஒருவர் வந்து, "அன்னைக்குச் சிரிச்சதுல நானும் ஒருத்தன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மதினி," என்றாள் செல்லத்தாய், "மனுசனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. போதும் மதினி."

அன்னக்கனிக்கும் போதும் போல்தான் இருந்தது. இரண்டு நாளாகத் தீப்பெட்டி வாங்கவில்லை. வாங்கினாலும் பழைய ருசி இல்லை. கடைசி நாளன்று மறுபடியும் சீயக்காய் போட்டுக் குளித்தாள். அந்தக் கிழவன் முகத்தை அவனிடமே கொடுத்துவிட்டு, தன் முகத்தை வேண்டுமானால் அந்தச் சரஸ்வதிக்கு மட்டும் விட்டுவைக்கலாம், மற்றதெல்லாம் வெறுமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு நடந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் கூட்டம் வழி விட்டது. தவசிமணி கடைசி மூலையில், லேகியப் போஸ்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணம் நின்ற கதையைச் சொன்னார். அச்சாபீஸில் அவளைப் பார்த்துத் தான் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டு நாளாக ஒன்றுவிடாமல் சொல்லிச் சொல்லி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் எல்லாவற்றிலிருந்தும் விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டிருந்தது.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "யாருக்கும் தெரியாது. இந்தப் பிள்ளைக்கே தெரியாது. இந்தப் போஸ்டர் ஒட்டுன மறுநாள் இவ அப்பா அச்சாபீஸுக்கு வந்தாரு. கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்துச்சு. வாட்ச்மேன் உடுப்போட காலையில வந்து வாசக் கேட்டுக்கு வெளிய நின்னாரு. நான் சன்னல் வழியாப் பாத்தேன், கூப்பிடல. சாயங்காலச் சங்கு ஊதுறப்பதான் கூப்பிட்டேன். கையக் கும்பிட்டுக்கிட்டு, 'முகத்த மாத்தச் சொல்லலய்யா, அந்தக் கண்ண மட்டும் மாத்திருங்க, எம்புள்ள அப்படிப் பாக்க மாட்டாய்யா'ன்னாரு."

தவசிமணி திரும்பி அந்தப் போஸ்டரைப் பார்த்தார்.

"ஒரு பிளேட்டு மாத்துற வேல. ஒரு மணி நேரம். மாட்டேன்னுட்டேன். கோடு நல்லா விழுந்திருந்துச்சு."

பிறகு அன்னக்கனியைப் பார்த்துத் திரும்பி, எண்பத்திரண்டு வயது முழங்காலை மடக்கித் தரையில் விழப்போனார். இளவேனில் தாங்கிப் பிடித்தாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேன் தாயி. இனிமே ஒண்ணும் பாக்கி இல்ல. மன்னிச்சிரு."

வாசலில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷனை, ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நாற்பத்தைந்து வருஷம் தான் வைதுகொண்டிருந்த மனுஷனை, அன்னக்கனி அந்த அச்சாபீஸ் கேட்டுக்கு வெளியே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மனசுக்குள் நிற்கவைத்துப் பார்த்தாள்.

"எங்க அப்பாவ உக்காரச் சொன்னீகளா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"தண்ணி?"

"இல்லம்மா."

"சரி," என்றாள். "அப்ப அது அப்படியே இருக்கட்டும்."

கூட வந்திருந்த செல்லத்தாய் வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்து, "மதினி, மதினி," என்று கையைப் பிடித்தாள். அன்னக்கனி கையை விடுவித்துக்கொண்டு, "நீ மில்லுக்குப் போ. நான் வாரேன்," என்றாள்.

வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாள். கழிப்பறையின் வெளிச்சுவரில் அன்றைக்குத்தான் புதிதாக ஒட்டியிருந்தார்கள், ஓரங்களில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. நாற்பத்தைந்து வருஷமாக அந்தச் சுவரைத் தலையைக் குனிந்துகொண்டே தாண்டியவள், அன்றைக்கு அதற்கு நேர் எதிரே, பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு நடுவில், நிமிர்ந்து நின்று பார்த்தாள். அவிழ்ந்த கூந்தல், நழுவிய சேலை, பாதி மூடிய கண், கண்ணாடி, மீசை. தென்காசி பஸ் வந்து போனது. ராஜபாளையம் பஸ் வந்து போனது. கைலியைச் சரிசெய்துகொண்டே ஓர் ஆள் உள்ளேயிருந்து வந்து, வாய் நிறைய இருந்த வெற்றிலைச் சாற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரில் துப்பிவிட்டுப் போனான். அது நெற்றியில் விழுந்து, கண்ணாடியைத் தாண்டி, மெதுவாகக் கீழே இறங்கியது. மீசையைத் தொடும் வரைக்கும் அவள் நின்று பார்த்தாள்.